யானைமலை எரிமலையா? கிரகட்டோவா வெடித்ததா, விழுந்ததா?

என்னிடம் பள்ளியில் படித்த ஒரு பெண் இப்போது ஒத்தக்கடையில் குடியிருக்கிறாள். ஏழாவது படிக்கும் அவள் மகன் கேட்டதாக மூன்று கேள்விகளை அனுப்பியிருந்தாள். "சார், யானைமலை உச்சியில் பள்ளம் பள்ளமாகத் தண்ணீர் நிற்கிறதே, அது அணைந்துபோன எரிமலையா? கிரகட்டோவா என்ற எரிமலை வெடித்துச் சிதறிக் காணாமல் போனது என்கிறார்கள், அவ்வளவு பெரிய மலை எங்கே போனது? அது வெடித்தபோது நம்ம மதுரைக்கு ஏதாவது தெரிந்ததா?" ஒரு வரியில் பதில் போட்டால் பையனுக்கு நியாயம் செய்ததாகாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி சுலபம். யானைமலை எரிமலை இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. திருப்பரங்குன்றம், நாகமலை, பசுமலை எதுவுமே இல்லை. நம்மைச் சுற்றியுள்ள பாறைகள் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறியவை. ஐம்பது கோடி வருஷத்துக்கும் முந்தையவை. மேலே கிடந்த மண்ணும் மென்பாறையும் காலப்போக்கில் கரைந்து போக, கரையாத கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான். உச்சியில் இருப்பவை சுனைகள். மழைநீர் தேங்கித் தேங்கிக் கல்லை அரித்த குழிகள். பாண்டியனை அழிக்க ஏவிய யானையைச் சொக்கநாதர் அம்பெய்து கல்லாக்கினார் என்கிறது திருவிளையாடல். புவியியல் சொல்லும் கதை அதைவிட மெதுவாக நடக்கிறது, அதில் யானையும் இல்லை.

கூடவே இன்னொன்று. கொடைக்கானல் ஏரி எரிமலை வாயில் தேங்கிய நீர் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் அளந்து விடுகிறார்கள். நம்பாதீர்கள். அது 1863ல் வெரே லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் முயற்சியில் கரை கட்டித் தேக்கிய ஏரி.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு உண்மையில் பிடித்தது இதுதான். ஏனென்றால் இதில் நானே தப்பு செய்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் வகுப்பில் "கிரகட்டோவா வெடித்துத் தூள் தூளாகச் சிதறியது" என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகப் படமும் அப்படித்தான் இருக்கும்: கூம்பு மலை, உச்சி பிய்த்துக்கொண்டு பறப்பது போல. வெடித்தது உண்மைதான். ஆனால் மலை காணாமல் போனதற்குக் காரணம் அது சிதறியது அல்ல. அது தனக்குள்ளேயே விழுந்தது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் கோலி சோடா. மூடியிருக்கும்வரை தண்ணீர் போலத்தான் தெரியும், குமிழ் இருக்காது. கோலியை உள்ளே அழுத்தியதும் அழுத்தம் போய்விடுகிறது. கரைந்திருந்த வாயு நுரையாகப் பொங்கி, பாட்டிலில் இருந்ததில் கால்வாசி சட்டையில் கொட்டுகிறது. எரிமலைக்கு அடியில் இருக்கும் பாறைக்குழம்பிலும் நீராவியும் வேறு வாயுக்களும் அப்படித்தான் கரைந்து கிடக்கின்றன. மேலே வழி திறந்தால் குழம்பு நுரைக்கிறது, நுரைத்த வேகத்தில் தூளாகிச் சாம்பலாக மேலே பீறிடுகிறது. கிரகட்டோவாவின் குழம்பு கெட்டியானது. ஹவாய் தீவில் ஓடுவது போல நீர்த்தது அல்ல. கெட்டிக் குழம்பிலிருந்து வாயு மெல்ல வெளியேற முடியாது, வெடித்துத்தான் வெளியேறும்.

சரி, குழம்பு வெளியே போய்விட்டது. அது இருந்த அறை காலி. அந்த அறையின் கூரையாக இருந்தது எது? மலைதான். தாங்க ஆள் இல்லாமல் மலை கீழே இறங்குகிறது. இப்படி உண்டாகும் பெரும்பள்ளத்தைக் கால்டெரா என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் கொப்பரை, அண்டா என்று பொருள். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரையைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் உடனே பிடிபடும்: அகலம் அதிகம், விளிம்பு செங்குத்து. சாதாரண எரிமலை வாய் சில நூறு மீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. கால்டெரா கிலோமீட்டர் கணக்கு.

இதை வீட்டு மாடியில் செய்து பார்க்கலாம். நான் பலமுறை செய்திருக்கிறேன். அகலமான தாம்பாளம் அல்லது பழைய வாளி ஒன்று. ஒரு பலூனின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மீன்தொட்டிக்குக் காற்று விடும் குழாய் சரியாக இருக்கும். பலூனைச் சாத்துக்குடி அளவுக்கு ஊதி, குழாய் நுனியை மடித்துப் பிடித்துக்கொண்டு, தாம்பாளத்தில் வைத்து மேலே மாவைக் கொட்டி மலை போலக் குவியுங்கள். ஆற்று மணல் வேண்டாம், விரிசல் நிற்காது, சரிந்துவிடும். கோலமாவு மட்டும் போட்டாலும் அதே கதி. கோலமாவில் பாதிக்குப் பாதி மைதா கலந்தால் சரியாக வரும். மதுரையில் மைதாவுக்கா பஞ்சம்!

இப்போது குழாயில் இன்னும் கொஞ்சம் ஊதுங்கள். மலை மெல்ல உப்பும், உச்சியில் நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடும். நிஜ எரிமலையும் வெடிக்கும் முன் இப்படி உப்புவது உண்டு. அப்புறம் மடிப்பைத் தளர்த்திக் காற்றை மெதுவாக விடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. திடீரென்று உச்சியைச் சுற்றி வட்டமாக ஒரு விரிசல் தெரியும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் மாவு முழுசாக, ஒரு மூடி போல, கீழே இறங்கும். விளிம்பிலிருந்து சின்னச் சின்னச் சரிவுகள் உள்ளே விழும். ஒரு சிட்டிகை மாவுகூடத் தாம்பாளத்துக்கு வெளியே சிதறியிருக்காது, ஆனால் மலை போயிருக்கும். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த நொடியில் "ஐ!" என்பார்கள். அதற்காகவே இதைத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு குறை உண்டு: பலூன் அமைதியாகக் காலியாகிறது. நிஜத்தில் இறங்கும் கூரையே மிச்சக் குழம்பை அழுத்திப் பிதுக்கும். ஆகவே விழ விழ வெடிப்பும் வலுக்கும்.

இனி கிரகட்டோவாவின் கதை. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் சுண்டா நீரிணையில் இருந்த தீவு அது. 1883க்கு முந்தைய வரைபடத்தைப் பார்த்தால் அதன் பழைய வரலாறு தெரிந்துவிடும். பெரிய தீவு ஒன்று. அதை ஒட்டி வடகிழக்கிலும் வடமேற்கிலும் வளைவான இரண்டு சின்னத் தீவுகள். மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். அதாவது வரலாறு எழுதத் தொடங்குவதற்கு முன்பே அங்கே இன்னும் பெரிய எரிமலை ஒன்று இருந்து, அதுவும் இப்படியே உள்ளே விழுந்திருக்கிறது. வளையம் அந்தக் கொப்பரையின் விளிம்பு. அது எப்போது என்பதில் சண்டை தீரவில்லை. கி.பி. 416 என்று ஜாவாவின் ஒரு பழங்கதை நூலை வைத்துச் சொல்வார்கள். அந்த நூலே 19ஆம் நூற்றாண்டில் தொகுத்தது, ஆகவே நான் அதில் பணம் கட்ட மாட்டேன். 535 என்று இன்னொரு கட்சி. உறுதியாகச் சொல்லக்கூடியது, பழைய கொப்பரையின் விளிம்பில் ராகாட்டா, டானான், பெர்புவாதான் என்று மூன்று புதிய கூம்புகள் வளர்ந்து ஒட்டிக்கொண்டு ஒரே தீவாயின என்பதுதான். ராகாட்டாதான் உயரம், 800 மீட்டருக்குச் சற்று மேல். 1680ல் ஒரு சின்னக் கொந்தளிப்பை டச்சு மாலுமிகள் பார்த்தார்கள். பிறகு இருநூறு வருஷத் தூக்கம்.

1883 மே 20ஆம் தேதி பெர்புவாதான் விழித்தது. புகை பல கிலோமீட்டர் உயர்ந்தது. ஒரு வாரத்தில் பட்டாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, வேடிக்கை பார்க்க ஒரு கப்பலே கிளம்பியது. தீவில் இறங்கி எரிமலை வாயை எட்டிப் பார்த்துவிட்டு, கையில் நுரைக்கல்லோடு திரும்பினார்கள். மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தான். ஆகஸ்ட் 11ல் பெர்செனார் என்ற டச்சு அதிகாரி தனியாகப் போய் ஒரு வரைபடம் போட்டுவந்தார். கரையை விட்டு உள்ளே போக முடியவில்லை, மூன்று வாய்களிலிருந்து புகை. அந்தத் தீவை முழுசாகப் பார்த்து வரைந்த கடைசி ஆள் அவர்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு பிற்பகலில் பெரிய கட்டம் தொடங்கியது. மறுநாள் திங்கட்கிழமை காலை நான்கு பெருவெடிப்புகள். அவற்றில் 10:02க்கு நடந்ததுதான் உலகம் பேசுவது. 4,800 கிலோமீட்டர் தள்ளி, மொரீஷியஸ் பக்கத்து ரோட்ரிக்ஸ் தீவில், ஜேம்ஸ் வாலிஸ் என்ற போலீஸ் அதிகாரி தூரத்தில் பீரங்கி முழங்குவது போலக் கேட்டதாகக் குறித்துவைத்தார். சத்தம் அங்கே போய்ச்சேர நான்கு மணி நேரம் பிடித்தது.

அன்று மாலைக்குள் தீவில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. டானானும் பெர்புவாதானும் அடியோடு போயின. ராகாட்டாவை உச்சியிலிருந்து கத்தியால் வகுந்தது போலப் பாதி மட்டும் நின்றது. இன்றும் நிற்கிறது, வடக்கு முகம் செங்குத்துச் சுவர். மலை இருந்த இடத்தில் இப்போது 250 மீட்டர் ஆழத்துக்குக் கடல். கொப்பரையின் அகலம் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், ஒத்தக்கடையிலிருந்து கோரிப்பாளையம் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

விழுந்தது, சிதறவில்லை என்று எப்படித் தெரியும்? இதற்கு வெர்பீக் என்ற டச்சு புவியியலாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். சில வாரங்களிலேயே அங்கே போய் இறங்கி, சாம்பல் படிவுகளைத் தோண்டிப் பார்த்தார். மலை சிதறியிருந்தால் சுற்றுவட்டாரத்தில் பழைய மலையின் கல் குவிந்து கிடக்க வேண்டும். கிடந்ததோ பெரும்பாலும் புத்தம்புது நுரைக்கல்லும் சாம்பலும். பழைய கல் சொற்பம். வீடு இடிந்த இடத்தில் பழைய செங்கல்லே காணோம் என்றால், அது கிணற்றுக்குள் போயிருக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? கிரேக்க நாட்டு சாண்டோரினித் தீவை வைத்து பூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 1879லேயே இந்த யோசனையை எழுதியிருந்தார். கிரகட்டோவா அதற்குக் கண்முன் சாட்சியானது. வெளியே வந்த மொத்தச் சரக்கு ஏறத்தாழ 20 கன கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

செத்தவர்கள் அரசுக் கணக்கில் 36,417 பேர். பெரும்பாலோரைக் கொன்றது தீ அல்ல, தண்ணீர். சூடான சாம்பலும் வாயுவும் நுரைக்கல்லும் கலந்த பெருவெள்ளம் கடலில் பாய்ந்து நீரைத் தள்ளியதுதான் அலைகளுக்கு முக்கியக் காரணம் என்பதை இன்று பலர் ஏற்கிறார்கள். மேரக் ஊரில் அலை 30 மீட்டருக்கு மேல் ஏறியது. சுமத்ராவின் தெலோக் பெதோங் துறையில் நின்ற பெராவ் என்ற போர்ப்படகைத் தூக்கி இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே காட்டுக்குள் போட்டது. சுமத்ராவின் தென்கரையில் இருந்தவர்களில் பலர் வெந்து செத்தார்கள். நெருப்புக் காற்று கடலின் மேலேயே நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்தது.

அப்போது மதுரைக்கு என்ன வந்தது? பையனின் மூன்றாவது கேள்வி. நம்ம கணக்கில் அது சுபானு வருஷம், ஆவணி மாதம். தாது வருஷப் பஞ்சம் போய் ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. கிரகட்டோவாவிலிருந்து மதுரை நேர்கோட்டில் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். வெடிப்பில் கிளம்பிய காற்றழுத்த அலை மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அங்கே 10:02 என்றால் இங்கே காலை 8 மணி தாண்டியிருக்கும். மூன்று மணி நேரம் கூட்டினால் 11 மணிவாக்கில் அந்த அலை மாசி வீதிகளைக் கடந்து போயிருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நாலைந்து மாடி ஏறி இறங்குவது போன்ற மாற்றம், காற்றழுத்தம் அளக்கும் பாரமானிக்கு மட்டும் புரியும். ஆனால் போனது திரும்பியும் வந்தது. பூமியை இரண்டு பக்கமாகவும் சுற்றிச் சுற்றி ஐந்து நாளைக்கு உலகத்துப் பாரமானிகளில் மொத்தம் ஏழு முறை பதிவானது. கதை மாதிரி இருந்தால், 2022 ஜனவரி 15ஐ நினைத்துக்கொள்ளுங்கள். டோங்கா நாட்டில் ஹுங்கா என்ற கடலடி எரிமலை வெடித்து, அதுவும் கால்டெராவாக உள்ளே விழுந்தபோது, சென்னையில் கருவி வைத்திருந்தவர்கள் அந்த அழுத்தத் துள்ளலைப் பிடித்தார்கள்.

கடல் அலையும் வந்தது. இலங்கையின் காலித் துறையில் அன்று பிற்பகல் கடல் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டின. நாகப்பட்டினத்து அலையளவியில் ஏற்ற இறக்கம் பதிவானது. ஆனால் 2004 மாதிரி இல்லை. ஏன்? 2004ல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீளமான பிளவு ஒன்று கடலடியையே தூக்கிப் போட்டது, அதன் முகம் நம் பக்கம் பார்த்திருந்தது. கிரகட்டோவா ஒரு புள்ளி. அதுவும் குறுகலான நீரிணைக்குள். திறந்த கடலுக்கு வரும்போது அலையின் வீரியம் போய்விட்டது.

உண்மையான காட்சி வானத்தில்தான். உயரே போன சாம்பலும் கந்தகத் துளிகளும் கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றின. செப்டம்பர் இரண்டாம் வாரம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாக மறைந்தது. கிளிப்பச்சை என்று நினைக்கக் கூடாது. வெளிறிய, ஒரு மாதிரி நோய் பிடித்த பச்சை. சுபானு என்ற பெயரிலேயே பானு இருக்கிறது, அந்த வருஷம் பார்த்துச் சூரியனுக்கு இந்தக் கோலம். காரணம் துகள்களின் அளவு: எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமனில், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் சிவப்பு ஒளி அதிகமாகச் சிதறிப்போய், நேரே கண்ணுக்கு வருவதில் பச்சையும் நீலமும் மிஞ்சும்.

அன்றைக்குச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக்கருவியை அந்தப் பச்சைச் சூரியன் பக்கம் திருப்பினார். சிவப்புப் பக்கம் வெட்டுப்பட்டிருந்ததைக் குறித்து எழுதினார். அதே மனிதர்தான் பின்னால் சூரியனை ஆராய்வதற்கென்றே தெளிந்த வானம் தேடி மலை மலையாக அலைந்து, பழனி மலைத்தொடரில் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899ல் அங்கே வானாய்வகம் அமைந்தபோது முதல் இயக்குநரும் அவரே. அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டம். 1911ல் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் கொடைக்கானலிலேயே இருந்து 1922ல் காலமானார். பச்சைச் சூரியன்தான் அவரை மலையேற்றியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் கொடைக்குப் போகிறவர்கள் படகுத்துறையோடு நிற்காமல் வானாய்வகத்தையும் எட்டிப் பார்த்தால் நல்லது.

கிரகட்டோவாவின் கதை அத்தோடு முடியவில்லை. 1927ல் மீனவர்கள் அந்தக் கொப்பரைக்கு நடுவில் கடல் கொதிப்பதைப் பார்த்தார்கள். தலை தூக்குவதும் அலை கரைப்பதுமாக இருந்து, 1930ல் ஒரு தீவு நிலைத்தது. அதற்கு 'அனக் கிரகட்டாவ்' என்று பெயர், கிரகட்டோவாவின் பிள்ளை. பிள்ளை 338 மீட்டர் வரை வளர்ந்தது. 2018 டிசம்பர் 22 இரவு அதன் தென்மேற்குப் பக்கம் கடலில் சரிந்தது. நிலநடுக்கம் இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை, நானூறுக்கு மேற்பட்டவர்கள் அலையில் போனார்கள். 338 மீட்டர் 110 ஆனது. கவனியுங்கள், இது கால்டெரா அல்ல. அறை காலியாகிக் கூரை இறங்கவில்லை, விலா ஒன்று பிய்ந்து விழுந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிச் செய்தி எழுதியவர்கள் அப்போது நிறைய. அந்த மலை மறுபடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. கிரகட்டோவாவைச் சின்னப் பையனாக்கும் கால்டெரா சுமத்ராவிலேயே இருக்கிறது: தோபா ஏரி. 100 கிலோமீட்டர் நீளம், 30 அகலம். மதுரையில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை கோவில்பட்டிப் பக்கம் போகும். 74,000 வருஷத்துக்கு முன் அது கடைசியாக விழுந்தபோது வந்த சாம்பல், ஆந்திராவில் கர்நூல் பக்கத்து ஜ்வாலாபுரத்தில் ஆளுயரத்துக்கு மேல் படிந்திருக்கிறது. முழுவதும் வானத்திலிருந்து அப்படியே கொட்டியது அல்ல, மழைநீர் அடித்துவந்து பள்ளத்தில் சேர்த்தது. அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்தன. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பையனுக்கு ஒரு வேலை. யானைமலை அடிவாரத்தில் உடைந்து கிடக்கும் சின்னக் கல் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். மலையைக் கொத்த வேண்டாம், அங்கே சமணர் சிற்பமும் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இருக்கின்றன. கடையில் பாதம் தேய்க்கும் நுரைக்கல் ஒன்று வாங்கட்டும். இப்போது விற்பதில் செயற்கையும் கலந்து வருகிறது, கரடுமுரடாகச் சாம்பல் நிறத்தில் இருப்பதாகப் பார்த்துக் கேட்கவும். இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் யானைமலைக் கல் நேரே அடிக்குப் போகும், மற்றது மிதக்கும். கிரகட்டோவாவிலிருந்து கிளம்பிய நுரைக்கல் திட்டுகள் அப்படி மிதந்தே மாதக்கணக்கில் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கின.